டிம்மருக்குப் போன வயர்

அறுபதுகளின் தொடக்கத்தில் விருதுநகரில், மதுரை ரோட்டை ஒட்டி, கார் லாரிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் கடை ஒன்று வைத்திருந்தேன். சிவகாசியில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியின் வண்டிகள் எல்லாம் என் கடைக்குத்தான் வரும். என் அக்காவின் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில் வேன் டிரைவர். நான் அவரை மச்சான் என்பேன். அவருக்கு நான் மாப்ளே.

அந்த வருஷம் கம்பெனி முதலாளி மெட்ராஸிலிருந்து தன் காருக்கு மீட்டர்கள் வாங்கி வந்தார். ஆயில் பிரஷர் காட்ட ஒன்று, எஞ்சின் சூடு காட்ட ஒன்றுக்கு இரண்டாக. உள்ளே பல்பு வைத்த மீட்டர்கள். மாட்டிக் கொடுத்தேன். இரண்டே நாளில் திரும்பி வந்தார். பொழுது சாய்ந்த பிறகு ஓட்டினால் மீட்டர் வெளிச்சம் முன்கண்ணாடியில் விழுந்து கண் கூசுகிறதாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டிம்மர் வாங்கி வைத்துச் சரி செய்தேன். அவருக்கு ஏகச் சந்தோஷம். பெட்டியில் மிச்சமிருந்த சூடு காட்டும் மீட்டரை மச்சானிடம் கொடுத்து, "வேன்ல மாட்டிக்கப்பா" என்றார்.

மச்சானுக்கு அது பெரிய விஷயம். அவருடைய வேன் சித்திரை வெயிலில் சிவகாசி ரோட்டில் கொதித்துக் கொதித்து நின்றுவிடும். எப்போது நிற்குமோ என்று பயந்துகொண்டே ஓட்டியவர். மீட்டரைத் துண்டில் சுற்றி என் கடைக்குக் கொண்டுவந்தார்.

"மாப்ளே, இதை இன்னைக்கே மாட்டிரு. முதலாளி காருக்கு வச்ச மாதிரி வெளிச்சம் குறைக்கிற திருகும் வேணும்."

என்னிடம் ஒரு டிம்மர் இருந்தது. பியூஸ் மாட்டும் கூடு தீர்ந்து போயிருந்தது. மதுரையிலிருந்து வர வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை வண்டியக் கொண்டாங்க மச்சான். பியூஸ் இல்லாம மாட்டக்கூடாது. நீங்க ஏத்துற லோடு அப்படி."

"சீசன்ல ஞாயித்துக்கிழமை ஏதுப்பா எனக்கு? சரி, டிம்மரக் குடு. பெறகு வாரேன்."

பத்திரமாக வைத்திருந்து கொண்டுவருவார் என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் கம்பெனி ஷெட்டில் அன்றைக்கே தானாக மாட்டிக்கொண்டார். இதை அவரே பின்னால் சொன்னார். பேட்டரியிலிருந்து, கரண்ட் அளவு காட்டும் ஆம்ப் மீட்டருக்கு வரும் தடித்த வயர் எப்போதும் கரண்ட் உள்ள வயர். அதன் பேட்டரிப் பக்க முனையில் ஒரு மெல்லிய வயரைச் சுற்றி, டிம்மருக்கு இழுத்திருக்கிறார். எஞ்சின் சூட்டை மீட்டருக்குக் கொண்டுபோகும் செம்புக் குழாய்க்காக எஞ்சினுக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவிலிருந்த தகரத்தில் ஆணி வைத்து அடித்து ஒரு ஓட்டை. வயரையும் அதே ஓட்டைக்குள் விட்டு வளைத்து வந்திருக்கிறார். பல்பு எரிந்தது. திருகினால் மங்கியது. ஷெட்டில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாராம்.

தீபாவளி ஆர்டர்கள் குவிந்திருந்த சமயம். ஒரு சாயங்காலம் வேன் நிறையப் பட்டாசுப் பெட்டிகளோடு விருதுநகர் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். முன் சீட்டிலும் பெட்டிகள். லோடு ஏற்றிய ஆள் ஆமத்தூர்க்காரர். வேலை முடிந்து ஊருக்குப் போக வேண்டும், பஸ் போய்விட்டது.

"அண்ணே, ஆமத்தூர் விலக்குல என்னை இறக்கி விட்டுருங்கண்ணே."

முன்னால் இடமில்லாததால் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். மச்சான் வெளியிலிருந்து கதவை மூடிக் கொண்டி போட்டார். பட்டாசு வண்டியில் பின்னால் ஆள் ஏறக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். சீசனில் எல்லாரும் ஏறுவார்கள்.

ரோடு மோசம். வண்டி குலுங்கக் குலுங்க அந்த வயர் தகரத்தின் விளிம்பில் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஆமத்தூருக்கு ரோடு பிரியும் விலக்கு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மச்சானின் முழங்கால் பக்கம் புகை வந்தது. ரப்பர் கருகுகிற நாற்றம். பிரேக்கை மிதித்துக் கீழே குதித்தவர், பேட்டரி வயரைப் பிடுங்க எஞ்சின் பக்கம் ஓடினார். அதற்குள் முன் சீட்டுப் பெட்டியில் தீப்பிடித்துவிட்டது. உடனே பின்பக்கம் ஓடினார். உள்ளே இருந்தவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே? ஊரு வந்துருச்சா?"

அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. மச்சான் கொண்டியைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே லோடு வெடித்தது.

தூக்கி எறியப்பட்ட மச்சானை ரோட்டோரப் பருத்திக் காட்டுக்குள்ளிருந்து எடுத்தார்கள். இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்திருந்தன. ஆமத்தூர்க்காரரை எடுத்ததை நான் எழுதப்போவதில்லை.

இரண்டாம் நாள் கம்பெனி மேனேஜர் ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். வேனின் எலும்புக்கூட்டைக் கம்பெனிக்கு வெளியே ஒரு பொட்டலில் இழுத்துப் போட்டிருந்தார்கள். எஞ்சின் பக்கம் மட்டும் ஓரளவு மிஞ்சியிருந்தது. குனிந்து பார்த்தேன். அந்த ஆணி ஓட்டையின் விளிம்பில் செம்பு உருகி மணியாகத் தகரத்தோடு ஒட்டியிருந்தது. வெளித் தீயில் வெந்த வயர் கருகிக் கிடக்கும்; இப்படித் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காது. ஓட்டையில் ரப்பர் வளையம் போட்ட அடையாளமே இல்லை. வயரின் மறுமுனை பேட்டரியின் தடித்த வயரில் சுற்றியபடியே இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் அதைக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார், குனிந்தும் பார்த்தார். "இருக்கலாம். பெட்டி உரசியும் பத்தியிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். மேனேஜருக்கு அது போதுமாக இருந்தது. பெட்டி உரசித் தீப்பிடித்தது என்றே ஊரெல்லாம் பேச்சானது.

மச்சான் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கைகளை வாழையிலையில் பொதிந்து வைத்திருந்தார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"மாப்ளே, வண்டியப் பாத்தியாமே. அந்த வயருதானா?"

அக்கா விசிறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல் என்று அவள் முகம் கெஞ்சியது. அதிகாரி சொன்னதையே நானும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வயரைச் சுற்றிய கையால் கொண்டியையும் பிடித்தவர். புகை எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்தவர். என்னிடம் அவர் கேட்டது தெரியாததை அல்ல.

"ஆமா மச்சான்" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே வராந்தாவில் அக்கா என் சட்டையைப் பிடித்துவிட்டாள். "அந்த மனுசன் உசுரோட இருக்கிறது ஒனக்குப் பொறுக்கலையாலே? ஒத்த வார்த்தை, இல்லேன்னு சொல்ல ஒனக்கு வாயில்லையா?" அதன் பிறகு வெகுகாலம் அவள் என்னோடு பேசவில்லை. நான் வீட்டுக்குப் போனால் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

கைகள் ஆறின. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கோழிக்கால் மாதிரி மடங்கிப்போயின. அக்காதான் ஊட்டிவிட வேண்டும். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்தவர், வாயைத் துடைத்துவிட்ட அக்கா உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எப்படி மாட்டியிருக்கணும்? சொல்லு."

"வேண்டாம் மச்சான்."

"சொல்லுங்கிறேன்ல."

சொன்னேன். முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். கரண்டை அந்தத் தடித்த வயரிலிருந்து எடுக்கக்கூடாது. பார்க்கிங் லைட்டு சுவிட்சில் லைட்டுக்குப் போகும் முனையிலிருந்து எடுக்க வேண்டும், சுவிட்சை அணைத்தால் வயரும் செத்துவிடும். எடுத்த இடத்திலேயே ஒரு சின்ன பியூஸ், வயர் எங்கே தேய்ந்தாலும் அது முதலில் போய்விடும். அதற்குப் பிறகுதான் டிம்மர். அந்த டிம்மர் தாங்குகிற அளவுக்குத்தான் பல்பு. டிம்மர் சுடும் என்பதால் மரத்திலும் துணியிலும் படாமல் தனியாக நிற்க வேண்டும். பல்பின் எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய தகரத்தில் இறுக்க வேண்டும். தகரத்தைத் தாண்டுகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம்.

அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக்கொண்டே வந்தார்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் மச்சான்."

மடங்கிய விரல்களைப் பார்த்தார். பிறகு, "என்னை ஆமத்தூருக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

பஸ்ஸில் போனோம். இறந்துபோன ஆமத்தூர்க்காரரின் சம்சாரம் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். மச்சானை அவளுக்குத் தெரியும். அவர் கைகளைப் பார்த்ததும் சொளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "வாங்கண்ணே. கை எப்படி இருக்கு? சாப்பிட்டீகளா?" என்றாள். புருஷனைக் காப்பாற்றப் போய்த்தான் இவர் கைகள் இப்படி ஆயின என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அதுவும் உண்மைதான்.

மச்சான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மீட்டர், டிம்மர், ஆணி ஓட்டை, வெளியே கொண்டி போட்டது என எதையும் விடவில்லை. கடைசியில் கும்பிடப் பார்த்தார். அந்தக் கைகள் சேரவில்லை.

அவள் அழவில்லை.

"இதை ஏண்ணே வந்து சொன்னீக? கம்பெனியத் திட்டிக்கிட்டு ஒரு மாதிரியாப் பொழுதை ஓட்டிக்கிட்டிருந்தேன். ஒங்களக் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டிருந்தேன். இப்ப நான் யாரைக் கும்பிட, யாரைத் திட்ட?"

அவள் மறுபடி உட்கார்ந்து சொளகை எடுத்துக்கொண்டாள். நாங்கள் போகலாம் என்பதற்கு அதுதான் அர்த்தம்.

அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும் என்றார் மச்சான். போனோம். எல்லாவற்றையும் கேட்ட இன்ஸ்பெக்டர், வழக்கு முடிந்துவிட்டது, இந்தக் கையை வைத்துக்கொண்டு இனி என்ன செய்யப் போகிறீர் என்று பரிவாகவே சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பரிவுதான் மச்சானை ரொம்பவும் உலுக்கியது. பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணில் சாய்ந்து, ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் கைகள் ஒத்துழைக்கவில்லை. என் துண்டால் துடைத்துவிட்டேன்.

அவருக்குப் பஞ்சு மில் ஒன்றில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அந்த அம்மா சாத்தூரில் அண்ணன் வீட்டோடு போய், அங்கே தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டோம். பிறகு அவளைப் பார்க்கவில்லை. கம்பெனியில் எல்லா வேன்களிலிருந்தும் தனியாக மாட்டிய மீட்டர்களையும் விளக்குகளையும் சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்கள். பின்னால் ஆள் ஏறுவது மட்டும் நிற்கவில்லை.

அக்கா என்னோடு பேச ஆரம்பித்தது மச்சான் இறந்த அன்றைக்குத்தான். தூக்குவதற்கு முன், அவர் கைகளை நெஞ்சின் மேல் சேர்த்துக் கட்ட முயன்றுகொண்டிருந்தார்கள். "விடுங்க, அது சேராது" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீ வந்து பக்கத்துல இருலே" என்றாள்.