போலந்துக்கு ஒரு லயத்து வீடு

கழுவிக் கவிழ்த்த டம்ளரை ஜிஷா மறுபடியும் எடுத்துக் கழுவுகிறாள். பயம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. "ஏட்டி, தேஞ்சு ஓட்டையாயிரும், விடு" என்கிறாள் கத்தரீனாள், ஈரத் தலைமுடியை முடிந்தபடியே. அம்மா இன்று கொழுந்து பறிக்கப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருக்கிறாள். ஜிஷாவின் பயமே அதுதான்.

தேவிகுளத்துக்குக் கீழே தேயிலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் மூன்றாவது வீடு அவர்களுடையது. அவர்களுடையது என்பது வாய்ப்பழக்கம். கம்பெனியில் கத்தரீனாளுக்கு வேலை இருக்கும்வரைதான் வீடு. ஜிஷாவுக்கு வயது இருபது. பஸ்ஸில் தன் நிறுத்தம் வர வெகுநேரம் இருக்கும்போதே எழுந்து நின்றுவிடுவாள். வகுப்பில் பதில் தெரிந்தாலும் தலையைக் குனிந்துகொள்வாள். அப்படிப்பட்டவள், போலந்தில் ஒரு பருவம் படிக்கக் கல்லூரியில் ஆள் கேட்டபோது வீட்டில் சொல்லாமல் பெயர் கொடுத்தாள். எடுத்தும்விட்டார்கள். ஏன் கொடுத்தாய் என்று கேட்டால், "தெரியல, கை தானா எழுதிட்டு" என்பாள்.

அங்கே படிப்புக்குக் கட்டணம் கிடையாது. விமானச் சீட்டு, விசா, தங்கிச் சாப்பிடும் செலவு எல்லாம் சொந்தப் பொறுப்பு. கடன் கேட்டு அப்பா யாக்கோபுவோடு வங்கிக்குப் போனாள். "வஸ்து உண்டோ?" என்று ஈடு வைக்க நிலம் கேட்டார் மலையாளி மேலாளர். ஜீப் ஓட்டும் யாக்கோபுவின் பெயரில் ஒரு சாண் நிலம்கூட இல்லை.

"நான் பிரிஞ்சிக்கிடுதேன்" என்றாள் கத்தரீனாள் அன்று மாலையே. எஸ்டேட்டில் வேலையை விடுவதற்கு அதுதான் பேச்சு. பிரிந்தால் சர்வீஸ் காசு மொத்தமாக வரும். வீட்டை ஒப்படைத்துவிட வேண்டும்.

"எங்கம்மா போவோம்?"

"வாடகைக்கு ஒரு ரூமு கெடைக்காமலா போகும்? நீ படிக்கப் போற வழியப் பாரு."

"விசா கெடைக்காட்டி?"

கத்தரீனாள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

விசா நேர்காணலுக்குக் கல்லூரியில் ஷீனா டீச்சர் தயார்ப்படுத்தினார். திரும்பி வருவாய் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்களாம். "நாட்டில் வீடுண்டென்னு தைரியமாயிட்டு பறயணும்" என்றார். விடப்போகும் வீட்டை எப்படிச் சொல்வது என்று ஜிஷா தலையைக் குனிந்துகொண்டாள். பெயரை எடுத்துவிடச் சொல்ல நேற்று அவருக்கு ஃபோன் போட்டாள். அவர் எடுப்பதற்குள் தானே துண்டித்தாள். போகப் பயம். போகாமலே இருந்துவிடுவோமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

இப்போது தாயும் மகளும் எஸ்டேட் ஆபீசில் நிற்கிறார்கள். குமாஸ்தா ஏசுதாஸ் தெரிந்தவர்தான், ஒரே கோயில். தாளை அவர்கள் பக்கம் திருப்பி வைக்கிறார். "அக்கா, எழுதிக் குடுத்துட்டா திரும்பக் கேக்க முடியாது. வீட்டயும் சீக்கிரம் ஒழிச்சுத் தரணும். இன்னும் எவ்வளவோ சர்வீஸ் கெடக்கு. நல்லா யோசிச்சிட்டீங்களா?"

"யோசிச்சாச்சு" என்கிறாள் கத்தரீனாள். குரல் உறுதியாகத்தான் இருக்கிறது. விரல்கள் மட்டும் மேசை விளிம்பை விடாமல் பிடித்திருக்கின்றன. அம்மாவுக்குப் பயமே கிடையாது என்று இத்தனை நாள் நினைத்திருந்த ஜிஷா அந்த விரல்களையே பார்க்கிறாள். வேண்டாம்மா, வா போவோம் என்று சொல்ல வாயெடுக்கிறாள்.

ஏசுதாஸ் பேனாவைத் தேடுகிறார். மேசையில் இல்லை, சட்டைப்பையிலும் இல்லை.

ஜிஷா தன் பையைத் திறந்து ஒரு பேனாவை எடுக்கிறாள். மூடியைக் கழற்றி, அம்மாவின் கையில் வைக்கிறாள்.