சீட்டுக்கு அடியில் ஒரு மூட்டை

லாரி நின்றதும் அந்த டிரைவர் செய்கிற முதல் காரியம், கீழே குதித்துத் தன் சீட்டைத் தானே தூக்கிக் காட்டுவது. மற்ற டிரைவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். நாம்தான் ஏறிக் குனிந்து தேட வேண்டும். இவரோ நாம் கேட்பதற்கு முன்பே சீட்டை நிமிர்த்தி, ஸ்பானரையும் ஜாக்கியையும் அழுக்குத் துணியையும் ஒதுக்கிவிட்டு, "பாத்துக்கங்க சார், ஒத்த அரிசி இருந்தா என்னை உள்ள வைங்க" என்பார். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கொள்ளிடத்துப் பாலத்தின் தென்கரையில், தஞ்சாவூர் ஜில்லா முடிகிற இடத்தில், நெல் வெளியே போகாமல் தடுக்கிற செக்போஸ்ட்டில் குமாஸ்தா வேலை. சிவப்பும் வெள்ளையுமாகச் சாயம் அடித்த ஒரு மூங்கில் கழி, அதை ஏற்றி இறக்க ஒரு கயிறு, மூட்டையில் குத்திப் பார்க்க ஒரு குத்தூசி. இவ்வளவுதான் சர்க்கார் எனக்குக் கொடுத்த ஆயுதம்.

எண்பது தாண்டிய பிறகு இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் டீக்கடைத் தொலைக்காட்சி. வெளிநாட்டுக்காரன் நம் இறாலுக்கு வரியைக் கூட்டிவிட்டானாம். முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஐஸ் பெட்டி ஏற்றிப் போகிற லாரிகள் சில வாரங்களாக எங்கள் பைபாஸ் ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. டிரைவர்கள் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். என் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், "அது ஏத்துமதி பண்றவங்க பாடு சார், நமக்கென்ன?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நமக்கென்ன என்று சொல்லியே காலத்தை ஓட்டியவன் நான். வரியோ தடையோ, எங்கேயோ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் எழுதுகிறார். அது முதலில் வந்து விழுவது லாரிக்காரன் தலையில். அப்புறம், அவர் பெயர்கூடக் கேள்விப்படாத ஏதோ ஒரு வீட்டு அடுப்பில்.

எங்கள் காலத்துத் தடை கடலைத் தாண்டி வரவில்லை. ஆட்சி மாறிய புதிது. எந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் ரூபாய்க்குப் படி அரிசி என்கிற பேச்சுத்தான். பர்மிட் இல்லாமல் தஞ்சாவூர் நெல் ஜில்லாவை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு. கொள்முதல் செய்து எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதற்காக என்றார்கள். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆற்றுக்கு இந்தக் கரையில் களத்தில் நெல் அம்பாரமாகக் குவிந்து மழைக்குப் பயந்து கிடக்கும். கம்பும் சோளமும் விளைகிற அந்தக் கரையில், ரேஷன் கடை வாசலில் பெண்கள் விடியற்காலையிலேயே பையைப் போட்டு இடம் பிடித்திருப்பார்கள். என் வீடு அந்தக் கரையில். பாலத்தில் நடந்தால் அரை மணி நேரம். பகல் முழுக்க நெல்லைப் பிடிக்கிற உத்தியோகம் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் மக்காச்சோளக் கூழ் குடிப்பேன். என் மனைவி அப்போது ஆறு மாதக் கர்ப்பம். கூழைக் கண்டாலே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவாள்.

தடை வந்ததும் லாரிகளுக்கு லோடு இல்லாமல் போயிற்று. அறுவடைக் காலத்தில் மூச்சு விட நேரமில்லாமல் ஓடுகிற வண்டிகள் கொட்டகையில் நின்று துருப்பிடித்தன. நம்முடைய டிரைவரின் முதலாளிக்கு ஒரே ஒரு வழிதான் கிடைத்தது. திருவாரூருக்குக் கிழக்கே ஒரு மிராசுதார், பர்மிட் வாங்கித் தருகிற அளவுக்குச் செல்வாக்கு உள்ளவர். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டு அவருடைய ஆட்கள் குறுவை அறுப்புக்கு இறங்க மறுத்திருந்தார்கள். அக்கரையிலிருந்து வெளியாட்களை ஏற்றிக் கொண்டுவந்து அவர் வயலில் இறக்கினால், அந்த லாரிக்கு பர்மிட் லோடு கிடைக்கும். அக்கரை ஆட்களையும் குற்றம் சொல்ல முடியாது. அரிசி கண்ணில் படாத ஊரில், கூலியாக நெல்லே தருகிறோம் என்றால் எவன்தான் வரமாட்டான்? நெல்லை நகரவிடாத அதே கழிதான் ஜனங்களைக் கிளப்பி ஒருவர் மேல் ஒருவரை ஏவிவிட்டது. இறங்க மறுத்த அந்தத் தெருவில்தான், டிரைவர் வீட்டுக்குப் பக்கத்தில், அவருடைய அக்கா இருந்தார். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். தெருவுக்காக முன்னால் நின்று பேசுகிறவரும் அவர்தான்.

இதையெல்லாம் டிரைவர் என்னிடம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். "முடியாதுன்னா வேற ஆளப் போட்டு ஓட்டுவேங்கறாரு சார் முதலாளி. வேற ஆளு ஈவு இரக்கம் பாக்காம ஓட்டுவான். நான் ஓட்டுனா எங்கக்கா மூஞ்சில எப்படி முழிக்கறது?" டம்ளரை உள்ளங்கையில் உருட்டினார். பிறகு, "பேசாம நீங்க ஏதாச்சும் ஒரு கேஸ்ல வண்டியப் புடிச்சுப் போட்டுருங்க சார். பத்து நாளு கெடக்கட்டும், அறுப்பு முடிஞ்சுரும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "ஏங்க டிரைவரே, உங்க சீட்டுக்கு அடியில ஸ்பானரைத் தவிர என்ன இருக்கு? எதைக் காட்டிப் புடிக்கறது?" என்றேன். அப்புறம் என் பாட்டைப் பாட ஆரம்பித்தேன். வீட்டில் சோற்றைப் பார்த்து மாதக்கணக்காகிறது, பிள்ளைத்தாய்ச்சி பட்டினியாகக் கிடக்கிறாள் என்று ஒரே புலம்பல். அவர் என் கஷ்டத்தைக் கேட்டுக்கொண்டார். அவர் கஷ்டம் என் காதில் விழுந்ததோடு சரி.

நாலு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும். அவருடைய லாரி வெறுமையாகப் பாலத்தை நோக்கி வந்தது. பக்கத்தில் மிராசுதாரின் காரியக்காரர், மடியில் வெற்றிலைப் பெட்டியோடு. டிரைவர் அன்றைக்குக் கீழே குதிக்கவில்லை. வெறும் வண்டிதானே என்று நான் கயிற்றில் கை வைத்தேன்.

"பாக்காமயே அனுப்புறீங்களே சார்?" என்றார் டிரைவர்.

"காலி வண்டியில என்னய்யா பாக்கறது, நேரமாவுதுல்ல?" என்று காரியக்காரர் அலுத்துக்கொண்டார்.

"இல்லீங்க, ரூல்னா ரூலு. ஏறிப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு டிரைவர் இறங்கி நின்றார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. நான் ஏறி அவர் சீட்டைத் தூக்கினேன். ஜாக்கிக்குப் பக்கத்தில் ஒரு கோணிப்பை, கால் மூட்டை இருக்கும். வாய்க்கட்டு தளர்ந்து, உலக்கையில் குத்திய சிவந்த மோட்டா அரிசி கொஞ்சம் சிந்தியிருந்தது. நடுவில் இருந்த என்ஜின் மேடு மறைத்ததால் காரியக்காரருக்கு எதுவும் தெரியவில்லை. திரும்பினேன். டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிற பார்வை. எனக்கு அந்தப் பார்வையில் ஒரே அர்த்தம்தான் பட்டது: உங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுபோகிறேன், கண்டுகொள்ளாதீர்கள். சே, என்ன புத்தி! சோற்றுக்கு ஏங்கிக் கிடந்த புத்தி. அதுவரை யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்காதவன் நான். சீட்டை இறக்கிவிட்டு, "ஒண்ணுமில்ல, கிளம்புங்க" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா சார்?"

"பாத்துட்டேன்."

"அடியில..."

"ஸ்பானர்தான் கெடக்கு" என்றேன், ஏதோ பெரிய உபகாரம் செய்கிறவன் மாதிரி அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி. அவர் ஏறி உட்கார்ந்தும் வண்டியை எடுக்கவில்லை. காரியக்காரர் ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் லாரி நகர்ந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வரும்போதே சோற்று வாசனை. என் மனைவியின் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. "டிரைவர் வந்து குடுத்துட்டுப் போனாருங்க. கூட வந்தவரு ஆள் சேக்கப் போயிருக்காராம். தண்ணி வாங்கிக் குடிச்சாரு. சார் புடிப்பாருன்னு நெனச்சேன், விட்டுட்டாரு, நாளைக்காவது புடிக்கச் சொல்லும்மான்னாரு. என்னங்க அது, வெளையாட்டா?" என்றாள். "வெளையாட்டுதான். நீ சோத்தப் போடு" என்றேன். முதல் கவளம் தொண்டையில் இறங்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அப்போது விளங்கவில்லை என்று எத்தனையோ வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சைப் பொய். விளங்கியது. விளங்கிய பிறகும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. லாரி திரும்பி வந்தது. பின்னால் ஆணும் பெண்ணுமாக அக்கரை ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அரிவாளைத் துணியில் சுற்றி அணைத்துக்கொண்டு, இழவு வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி. டிரைவர் கழிக்கு முன்னால் வண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார். உள்ளே வருகிற வண்டியில் நான் நெல்லைத் தேட வேண்டியதில்லை. ஆட்களை ஏற்றிவர பர்மிட்டும் தேவையில்லை. ஆனால் நிறுத்த மனசிருந்தால் காரணமா கிடைக்காது? சரக்கு வண்டியில் இத்தனை பேரை ஏற்றியது ஒன்று போதுமே. நிறுத்தினால் விசாரணை வரும். விசாரணையில் நேற்றைய மூட்டை வரும். மூட்டைக்குப் பின்னால் என் வீட்டுப் பானை வரும். கயிற்றை இழுத்தேன். கழி மேலே போனது. "சார்" என்று மட்டும் சொன்னார் டிரைவர். காரியக்காரர் எனக்குப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார்.

நடந்ததை மத்தியானம் வந்த பஸ் கண்டக்டர் சொன்னார். லாரி செக்போஸ்ட்டிலேயே பிடிபட்டுவிடும், ஊருக்குள் வராது என்று டிரைவர் தன் அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறார். தெருவும் அதை நம்பியிருக்கிறது. நம்பியதால்தான், லாரியை மறிக்கப் பாதையில் போட்டிருந்த மரத்தை எடுத்துவிட்டு, வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில், வளைவில், பாதை மேலேயே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். மழையில் ஊறிய களிமண் பாதை. லாரி திரும்பியதும் எல்லோரும் சிதறி வாய்க்காலில் குதித்தார்கள். அக்கா குதிக்கவில்லை. தம்பி வண்டி என்று தெரிந்ததும் எழுந்து, கையைத் தூக்கிக்கொண்டு நடுப்பாதையில் நின்றார். தம்பி பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. கண்டக்டர் இதைச் சொல்லிவிட்டு விசில் ஊதி பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்த லாரி கழிக்கு முன்னால் வந்து ஹாரன் அடித்தது. நான் எழுந்து போய்ச் சோதனை போட்டேன்.

டிரைவரைக் கைது செய்தார்கள். போலீசிடம் அவர் மூட்டையைப் பற்றி மூச்சு விடவில்லை என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. சொல்லக் கூசுகிறது, ஆனால் அதுதான் வந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, நான் விடுப்பில் இருந்த ஒரு மத்தியானம், அவருடைய மனைவி வெயிலில் பாலத்தைக் கடந்து எங்கள் வீட்டைத் தேடி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"காசு வாங்கிக்கிட்டு, வண்டி வராதுன்னு சொல்லி எங்களை வேணும்னே ஏமாத்திட்டான்னு தெருவே பேசுது சார். சொந்த அக்காவைக் கொன்னவன்னு காறித் துப்புறாங்க. என் புள்ளைங்க தண்ணிக் கொழாய்க்குப் போவ முடியல. சீட்டுக்கு அடியில மூட்டை இருந்துச்சு, நான் பாத்தேன்னு எங்க தெருவுல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். கோர்ட்டுல வேணாம். அவரு ஒங்க பேர எடுக்கவே கூடாதுன்னுட்டாரு. அவருக்குத் தெரியாமத்தான் வந்தேன்."

என் வேலை, என் வீடு, பிறக்கப்போகிற பிள்ளை எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன. "நான் மூட்டை எதையும் பாக்கலம்மா" என்றேன். அவர் வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

அடுப்படியில் இருந்த என் மனைவிக்கு நாங்கள் பேசியது காதில் விழவில்லை. வெயிலில் நடந்து வந்த பெண்ணை வெறும் வயிற்றோடு அனுப்புவதாவது என்று தட்டில் சோறு போட்டு எடுத்து வந்தாள். "மொதல்ல சாப்புடுங்க, அப்புறம் பேசலாம்" என்று அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். மூட்டையில் கடைசியாக மிஞ்சியிருந்த அரிசி. அவர் தட்டைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு ஒரு பருக்கையை விரலில் எடுத்து நசுக்கி, என்னைப் பார்க்காமல் என் மனைவியிடம் சொன்னார்:

"இது எங்க நாத்தனாரு குத்துன அரிசிம்மா. தம்பி வண்டி புடிபடட்டும்னு, அவங்க கூலி நெல்ல அவங்களே குத்திப் பொடைச்சுக் கட்டிக் குடுத்தாங்க."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். மறுபடி அவர் வரவில்லை. அந்தத் தெருவுக்கு நானும் போகவில்லை.