பிடுங்க முடியாத வில்

செக் நாட்டுக்காரர்கள் நால்வர் டிவியில் வயலின் வகை வாத்தியங்களை வில்லால் வாசிக்கிறார்கள். இளமையிலிருந்தே ஒன்றாக வாசித்து நரைத்தவர்களாம். இரண்டாம் வயலின்காரருக்கு மெட்டு வந்ததும் முதல் வயலின்காரர் தன் ஒலியைத் தணித்து, அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்.

வயலின்காரரான என் பெரியப்பாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. உத்திரமேரூர் பஜனையில், பதினோரு வயதில், அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தேன். கூட்டம் என் பக்கம் திரும்பித் தலையாட்டியது. வாசிப்பின் நடுவிலேயே என் வில்லைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மங்களம் பாடும்வரை, வில்லுக்குத் தேய்த்த குங்கிலியம் மணக்கும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு வயலினைத் தொடவே இல்லை.

இப்போது என் வீட்டுக் கட்டிலில்தான் கிடக்கிறார்.

“இன்னாடி பேஜாரு இது, நிறுத்துடி!” என்கிறார்.

சத்தத்தைக் கூட்டுகிறேன்.

“நாலு வில்லு கீது பெரிப்பா. ஏந்து வந்து ஒண்ணையாவது புடுங்கு, பாக்கலாம்.”