நான் கிளம்பிட்டேன்னு சொல்லு

ரெனே மலினாருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாரம் முழுக்க ஜோலியட் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். சனி, ஞாயிறு வந்தால் ஸ்டேல் டோனட்ஸ் இசைக்குழுவின் கச்சேரி எந்த ஊரில் நடக்கிறதோ அங்கே போய், ஹாலின் கடைசி மூலையில் மடக்கு மேஜையைப் போட்டு டி-ஷர்ட் விற்கிறாள். கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. எண்பதைத் தாண்டிய அம்மா வீடா மட்டும் வீட்டில் இருக்கிறாள்.

ஸ்டேல் டோனட்ஸ் மலினார் வீட்டு அடித்தள அறையில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் பிறந்த குழு. பாப் பங்க் வாசிப்பார்கள். கிதாரில் மூன்றே மூன்று சுரக்கூட்டு, தலைதெறிக்கிற வேகம், மூக்கால் பாடுகிற பையன் குரல். என்ன கொடுமை என்றால், அந்தப் பையன்களுக்கு இப்போது முட்டி வலி, ரத்தக் கொதிப்பு எல்லாம் வந்துவிட்டது; பாட்டில் மட்டும் இன்னும் ஹோம்வொர்க் செய்ய மாட்டேன் என்று அடம் பிடிக்கிறார்கள். கேட்க வருகிறவர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? ஒரு காலத்தில் ஸ்மால் சைஸ் வாங்கிப் போனவன் இன்று டபுள் எக்ஸ்எல் கேட்கிறான். கேட்டுவிட்டு, "எனக்கில்ல, மச்சானுக்கு" என்று ரெனேவிடமே கதை விடுகிறான். அவள் எத்தனை மச்சான்களைப் பார்த்தவள்!

முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டு உண்டு. அதைப் பாடாமல் குழுவை யாரும் மேடையிலிருந்து இறங்க விடமாட்டார்கள். பல்லவியின் மூன்றாவது வரி வரும்போது பாடகன் கர்ட்டிஸ் மைக்கை விட்டு ஓரடி விலகி நிற்பான். மேடையில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஹாலே சேர்ந்து அந்த வரியைக் கத்தும்: "அம்மாகிட்ட சொல்லு, நான் கிளம்பிட்டேன்னு!"

அது டேரிலின் வரி. ரெனேவின் தம்பி, குழுவின் இரண்டாவது கிதார். அவன் செத்த பிறகு அதை வேறு யாரும் மேடையில் பாடியதில்லை. அந்தப் பாட்டு தொடங்கியதும் ரெனே மேஜைக்கு அடியில் குனிந்து ஏதோ பெட்டியைத் தேடுவாள். பாட்டு முடியும்வரை தேடிக்கொண்டே இருப்பாள். வாங்க வந்தவர்கள் காத்திருப்பார்கள். துக்கம் என்று நினைத்து எல்லோரும் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள். துக்கம் மட்டும்தான் என்றால் அவள் எப்போதோ நிமிர்ந்திருப்பாளே.

அந்த வரி வந்த கதை இது. செல்போன் இல்லாத காலம். ஓட்டை வேனில் ஊர் ஊராகப் போகிற பையன்களின் கையில் காசும் இருக்காது. பொதுத் தொலைபேசியிலிருந்து, எடுக்கிறவர் தலையில் செலவைக் கட்டுகிற அழைப்பைப் போடுவார்கள். இயந்திரக் குரல் ஒன்று 'உங்கள் பெயரைச் சொல்லுங்கள்' என்று ஒரு மூச்சு நேரம் இடம் விடும். அந்தச் சந்தில் பெயருக்குப் பதிலாகச் சேதியைச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் எடுப்பவர் அதைக் கேட்டுவிட்டு, அழைப்பு வேண்டாம் என்று பொத்தானை அழுத்திவிட வேண்டும். யாருக்கும் செலவில்லை. வேனில் சுற்றிய அத்தனை குழுக்களும் செய்த திருட்டுத்தனம்தான். டேரில் சொன்னதெல்லாம் எப்போதும் ஒரே சேதி: அம்மாகிட்ட சொல்லு, நான் கிளம்பிட்டேன்னு. சொல்லிச் சொல்லி அதற்கு ஒரு மெட்டு வந்தது. பிறகு அதைச் சுற்றி ஒரு பாட்டே வந்தது.

ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை. பையன்கள் முந்தின நாள் மேடிசனில் ஒரு ஹாலில் வாசித்துவிட்டு அங்கேயே படுத்திருந்தார்கள். காலையிலிருந்து, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகிற உறைமழை. வீடா சாப்பாட்டு மேஜை முழுக்கத் துணி விரித்து, பொட்டீட்சாவுக்கு மாவை இழுத்துக்கொண்டிருந்தாள். வால்நட் வைத்துச் சுருட்டும் அந்த ரொட்டிக்கு மாவைக் காகிதம் போல இழுக்க வேண்டும். பாதியில் கையை எடுத்தால் காய்ந்து கிழிந்துபோகும். அங்கிருந்தே சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"ரெனே, தம்பி கூப்பிட்டான்னா இன்னிக்கு வேண்டாம்னு அழுத்திடாத. எடுத்துப் பேசு. என்கிட்ட குடு. ரோடு கண்ணாடியாட்டம் கெடக்கு, இன்னிக்கு அங்கயே தங்குடான்னு சொல்லணும்."

"சரிம்மா, சரிம்மா" என்றாள் ரெனே. அவள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஒருத்தனைப் பார்க்கப் போக வேண்டும்; மனசு முழுக்க அங்கேதான்.

மணி அடித்தது. எடுத்தாள். இயந்திரக் குரல் கேட்டது, தம்பி பாடினான். வழக்கம் போலத் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே, வழக்கம் போல 'அம்மா'வில் குரல் உடைந்து. ரெனே சிரித்தாள். சிரித்துக்கொண்டே விரல் தன்பாட்டுக்குப் பொத்தானை அழுத்திவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம்!

"யாருடி?"

"டேரில்தான்மா. பேசினேன். கிளம்பிட்டானாம்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டு விழுமே என்று சொன்ன சின்னப் பொய். சவ அடக்கத்தில் கர்ட்டிஸ் அழுதுகொண்டே சொன்னபோதுதான் அவளுக்கு மீதி தெரிந்தது. டேரில் போன் பண்ணிவிட்டு வந்த பிறகும் அவர்கள் வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்களாம். போகலாமா, தங்கலாமா என்று வாக்குவாதம். "யாராவது ஒருத்தர் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தங்கியிருப்போம், ரெனே" என்றான். வேன் வழியில் ராக்ஃபோர்டுக்கு முன்னால் சறுக்கியது. மற்றவர்கள் எலும்பு முறிவோடு தப்பினார்கள். ஓட்டியவன் டேரில்.

அந்தப் பொய்யை ரெனே யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த நாளெல்லாம் அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கினாள். வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறேன் என்றிருந்தவள் போகவே இல்லை. தம்பியின் குழுவை விடவும் முடியவில்லை, அதன் பாட்டைக் கேட்கவும் முடியவில்லை.

வீடா கொஞ்ச நாளைக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். மத்தியானம் சாய்ந்து, ரெனே பஸ்ஸை நிறுத்திவிட்டு வீடு திரும்பும் நேரத்தில் அந்தப் பாட்டைப் போடுவாள். முதலில் டிஸ்க். பிறகு டிஸ்க் தேய்ந்து கீறிப்போய், கண்ணில் புரை விழுந்து பொத்தானும் தெரியாமல் போனதும், ரெனே சமையலறையில் பேசும் பெட்டி ஒன்று வாங்கி வைத்தாள். வாயால் கேட்டால் அது பாடும். மூன்றாவது வரி வரும். உடைந்த குரலில் டேரில் சொல்லுவான். வீடா காற்றைப் பார்த்து, "சரிடா, பார்த்து வா" என்பாள்.

அந்த வீட்டில் பிசாசு இருக்கிறது என்று யாராவது சொன்னால் ரெனே சிரித்திருக்க மாட்டாள். தினமும் அது வருகிறதே! கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவருகே நின்று, அது வந்து போகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

போன வசந்த காலத்தில் கர்ட்டிஸ் பஸ் ஷெட்டுக்கே தேடிவந்தான். கையில் டோனட் பெட்டி. காரியம் இல்லாமல் அவன் டோனட் வாங்கி வருகிற ஆள் இல்லை.

"என்னடா, ஐஸ் வைக்கிற?"

"முதல் ஆல்பத்தை மறுபடி பதிவு பண்றோம், ரெனே. பழைய கம்பெனி மூடிட்டான். ஒரிஜினல் டேப் எங்க போச்சுன்னே தெரியல. பழைய பதிவு இனிமே போன்ல, பெட்டியில எதுலயும் வராது. இனிமே புதுசுதான்."

"பண்ணுங்க. எனக்கென்ன? புது டி-ஷர்ட் போடலாம்."

"டேரில் வரியை யாரு பாடறது?"

ரெனே டோனட் பெட்டியை மூடினாள். கர்ட்டிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீ பஸ்ல பசங்களை அதட்டறப்போ கேட்டிருக்கேன். அதே குரல்டி. அதே உடைசல்."

"போடா லூசு. வேற ஆளைப் பாரு."

"வேற யாரு பாடினாலும் நான் ஒத்துக்க மாட்டேன். நீ மாட்டேன்னா அந்த இடத்தைக் காலியா விட்டுடுவோம். மேடையில விடற மாதிரி."

காலியா? அன்று ராத்திரி முழுக்க அந்த வார்த்தைதான் அவள் காதில். மேடையில் காலி விட்டால் நிரப்ப ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சமையலறையில் யார் இருக்கிறார்கள்? அம்மா பாட்டைப் போடுவாள். அந்த இடம் வரும். ஒன்றும் வராது. அம்மா காத்துக்கொண்டே இருப்பாள். அதை ரெனேவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் அவள் பாடினால்? அன்றைக்கு இந்தச் சேதியை அம்மாவுக்குச் சொன்ன அதே வாய். அதே பொய். அதைத் தினமும் பெட்டியிலிருந்து அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா? அம்மா கண்டுபிடித்துவிட்டால்?

கடைசியில் பாடத்தான் போனாள். கர்ட்டிஸ் வீட்டு கராஜ்தான் ஸ்டுடியோ. பகல் நேரம், பின்னால் சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. அது போகும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காதில் ஹெட்போன் மாட்டினாள். தாளம் ஓடியது. எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று கர்ட்டிஸ் விரலை உயர்த்திக் காத்திருந்தான். அவன் விரல் இறங்குமுன்பே அவள் வாய் திறந்துவிட்டது.

யாரும் அவளைத் திருத்தவில்லை. பதிந்ததைப் போட்டுக் கேட்டார்கள். டிரம்ஸ்காரன் ஓவன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கர்ட்டிஸின் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னொரு தடவை பாடட்டுமா?" என்றாள் ரெனே.

"வேண்டாம். தயவுசெஞ்சு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போனான். அவள் கழுத்தின் பின்னால் யாரோ மூச்சுவிடுவது போலக் கூசியது. திரும்பிப் பார்க்கப் பயந்து அப்படியே நின்றாள்.

ஆல்பம் அக்டோபரில் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. ரெனே வேண்டுமென்றே பஸ்ஸைக் கழுவினாள், துடைத்தாள், யாரும் கேட்காமலே இருக்கைகளை எல்லாம் சரிபார்த்தாள். எவ்வளவு தாமதம் செய்தும் வீட்டுக் கதவைத் திறக்கும்போது உள்ளே அம்மா பெட்டியிடம் பேசுவது கேட்டது. தனியாகக் கேட்கப் பிடிக்காமல் அவளுக்காகவே காத்திருந்தாள் போலும்.

கிதார் தொடங்கியது. ரெனே கோட்டோடு நின்றாள். முதல் வரி, இரண்டாவது வரி. பிறகு பெட்டியிலிருந்து அவளே பாடினாள்.

வீடாவிடமிருந்து 'சரிடா' வரவில்லை. பாட்டு பாட்டுக்கு ஓடியது. வீடா கையால் துழாவி நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள்.

"நிறுத்து" என்றாள். பெட்டி நின்றது. "ரெனே, அங்க நிக்கறியா?"

"நிக்கறேன்மா."

"இது நீதான."

"ஆமாம்மா. எப்படிக் கண்டுபிடிச்ச? கர்ட்டிஸே டேரில்னு..."

"ரெண்டு பேரையும் பெத்தவ நான். கர்ட்டிஸா பெத்தான்?"

ரெனே அம்மாவின் எதிரே போய் உட்கார்ந்தாள். இனிமேல் விழுங்க அவளிடம் தெம்பு இல்லை.

"அம்மா, அன்னிக்கு நான் அவன்கிட்ட பேசவே இல்ல. அவன் பாடினான். நான் வேண்டாம்னு அழுத்திட்டேன். உன்கிட்ட குடுக்கச் சொன்ன, நான் குடுக்கல. பேசினேன்னு பொய் சொன்னேன். அவன் அப்போ கிளம்பவே இல்லம்மா. அங்கயேதான் இருந்தான். நீ சொல்லியிருந்தா தங்கியிருப்பான்."

சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழும் என்று காத்திருக்கும் பிள்ளையைப் போல இருந்தது அவள் முகம்.

"தெரியும்" என்றாள் வீடா.

"என்ன தெரியும்?"

"கிளம்பினவன் எங்கேருந்துடி போன் பண்ணுவான்? வேன்ல போனா வெச்சிருந்தான்? நீ சொன்ன அந்த நிமிஷமே எனக்குத் தெரியும், அவன் இன்னும் அங்கதான் இருக்கான்னு. அந்த ஹாலோட நம்பர் போனுக்குப் பக்கத்துலயே செவத்துல ஒட்டியிருந்தது. நான்தான் ஒட்டினேன். எழுந்து நாலடி வந்து கூப்பிட்டிருக்கலாம்."

"அப்புறம் ஏம்மா..."

"மாவு காஞ்சிடுமேன்னு பார்த்தேன்" என்றாள் வீடா. வாய் கோணியது. "சுருட்டி அடுப்புல வெச்சிட்டுக் கூப்பிடலாம்னு இருந்தேன். அந்த ரொட்டி நல்லா வந்தது, ரெனே. அன்னிக்கு மாதிரி என்னிக்கும் வந்ததில்ல."

ரெனே எழுந்து வந்து அம்மாவின் மடியில் தலையை வைத்தாள். கிழவியின் கை அவள் தலைமுடியைக் கோதியது. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன வீடாவுக்கு.

"நான்தான் கொன்னேன்னு நான் கெடந்தேன். நீயும் நான்தான் கொன்னேன்னு கெடந்திருக்க. ஒரே வீட்டுல, ஒரே மேஜையில தின்னுக்கிட்டு! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடி, ரெண்டு பேர்ல ஒருத்தராவது?"