டம்ளர் தண்ணீரில் சிவந்த பழம்

என் மருமகள் முதன்முதலில் டிராகன் பழம் வாங்கி வந்தபோது, தீப்பிடித்த முட்டைக்கோஸ் என்றுதான் நினைத்தேன்.

"இது பாம்புக்கு சொந்தமா?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் சொந்தம் அத்தே. டிராகனும் நீங்களும் வாயத் தொறந்தா நெருப்பு" என்றாள்.

உள்ளே வெள்ளை. கறுப்பு எள்ளைத் தூவினாற்போல விதை. வாயில் போட்டால் கிர்ணிப்பழத்தைக் கழுவி ஊற்றின தண்ணீர். இதற்கா இவ்வளவு அலங்காரம் என்று எனக்குச் சந்தேகம். ஆனால் தினமும் காலையில் வந்துவிடும். ஒரு நாள் ஓட்ஸ் கஞ்சியில் கிடக்கும், ஒரு நாள் மாதுளை போட வேண்டிய தயிர்சாதத்தில் கிடக்கும். என் தட்டில் நாலு இட்லி மூன்றாகி, நாலாவதன் இடத்தில் இது உட்கார்ந்தது. இவள் என்னமோ திட்டம் போடுகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு தின்றேன். பத்து நாளில் நாக்கு அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. ஜில்லென்று இறங்கும், விதை பல்லில் நறநறக்கும். பிடித்துப்போனதை மட்டும் நான் சொல்லவில்லை. சொன்னால் மூன்று இட்லி இரண்டாகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளேயும் சிவப்பாக இருக்கிற ஜாதியை வாங்கி வந்தாள். எங்கள் அம்பத்தூர் தெருமுனையில் தள்ளுவண்டி போடுகிற பழக்காரரிடம் வாங்கினது. ஜவ்வரிசிப் பாயசத்தை ஆறவைத்து, பழத்தை மசித்துக் கலந்தாள். ரோஜாப்பூ நிறம். வேண்டாம் வேண்டாம் என்று மூன்று கிண்ணம் குடித்தேன்.

மறுநாள் காலையில் கழிப்பறையில் சிவப்பாகப் போனது.

இந்த வயதில் அப்படிப் போனால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி, ஸ்கேன், மூக்கில் குழாய். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று யோசித்தேன். அப்போதுதான் பாயசம் ஞாபகம் வந்தது.

மண்ணூர்பேட்டையில் ஒரு குங்குமக் கம்பெனியில் பல வருஷம் பொட்டலம் கட்டினவள் நான். நல்ல குங்குமமா, சாயமா என்று அங்கே பார்க்கிற விதம் ஒன்று உண்டு. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட வேண்டும். உடனே நிறம் நூலாக இறங்கினால் சாயம். மிச்சமிருந்த பழத்தில் ஒரு துண்டை டம்ளர் தண்ணீரில் போட்டேன். நூல் என்ன நூல், கயிறாகவே இறங்கியது.

பயம் போய்க் கோபம் வந்தது. வியாதி எனக்கில்லை, பழத்துக்குத்தான்.

தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற பெண்களிடம் சொன்னேன். டம்ளரைப் பற்றி மட்டும் சொன்னேன். கழிப்பறையைப் பற்றிச் சொல்லக் கூச்சம். மூன்று நாளில் அந்த வண்டிப் பக்கம் ஒருத்தியும் போகவில்லை. ஆனால் பழத்தை நிறுத்தியும், வியாதி எனக்குத்தானோ என்ற பயம் மறுபடி வந்துவிட்டது. காலையில் கண்ணை மூடிக்கொண்டே கழிப்பறைக்குப் போய் வந்தேன்.

நாலாம் நாள் பழக்காரரே எங்கள் கேட்டில் வந்து நின்றார்.

"இன்னா ஆயா, என் பொழப்புல கைய வெச்சிட்டியே. வாழப்பயம்கூட போவல. எல்லாம் அயுவுது. நாளைக்கும் இப்டின்னா நான் வண்டிய வித்துட்டு ஊட்ல குந்தவேண்டியதுதான்."

"சாயம் ஊத்தி விக்கிறவனுக்கு வாயப் பாரு. நான் தண்ணில போட்டுப் பாத்தேன் நைனா."

என் மருமகள் சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு துண்டு பீட்ரூட்டும் கொண்டுவந்தாள். துண்டைத் தண்ணீரில் போட்டாள். அதே கயிறு இறங்கியது.

"இதுக்கு யாரு அத்தே சாயம் ஊத்துனது?"

பொடிக்கு வைக்கிற சோதனையைப் பழத்துக்கு வைத்திருக்கிறேன். ஆனால் என் மனசு வேறெங்கோ ஓடியது. அவள் காதில் கேட்டேன்: "பீட்ரூட் துன்னா மறுநாளு காலைல..."

"ஆமா. இதுவும் அப்டித்தான். ஏன், பயந்துகினு இருந்தீங்களா?"

"நானா?" என்றேன். மூன்று நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே போனது.

பழக்காரர் இன்னும் கேட்டிலேயே நின்றார். எனக்கு உயிர் திரும்பிவிட்டது. அவருக்குப் பிழைப்பு திரும்பவில்லை.

மறுநாள் லாரி வருகிற நேரம் பார்த்து வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். சிவப்புப் பழம் ஒன்றை அறுக்கச் சொல்லி, எல்லோரும் பார்க்க முழுசையும் தின்றேன். நாக்கை நீட்டிக் காட்டினேன். பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி பார்த்தார்கள்.

"அன்னிக்கு சாயம்ன, இன்னிக்கு துன்ற. சும்மா குடுத்தானா ஆயா?" என்றாள் ஒருத்தி.

"நான்தான் தப்பா பாத்துட்டேன். பீட்ரூட் மாதிரி, பழத்தோட நெறமே அது."

நம்பவில்லை. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இவர்கள் வாங்கித் தின்று, மறுநாள் காலை பயந்துபோனால் மறுபடி இந்த மனுஷன் தலையில்தான் விடியும். சொன்னாலோ இப்போதே ஓடிப்போவார்கள். பழக்காரர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்: "காலைல செகப்பா போவும். பயப்படாதீங்க. நான் பயந்துதான் உங்ககிட்ட வந்து ஒளறுனேன்."

முன்னால் நின்றவள் குடத்தைக் கீழே இறக்கினாள்.

"அப்போ மூணு நாளா செத்துட்டோம்னு நெனச்சிகினுதான் சுத்துனியா?" என்று ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

சிரிக்காமல் நின்றவள் வண்டிக்குக் கிட்டே வந்தாள். பழத்தை அழுத்தினாள், முகர்ந்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"எனக்கு வெள்ள ஒண்ணு குடு அண்ணாத்தே. செகப்புல ஒண்ணு எங்க ஊட்டுக்காரருக்கு" என்றாள். "அந்தாளுகிட்ட யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

பழக்காரர் பையை உதறி விரித்தார்.