முந்திச் சிரித்தவர்

டிவித் தொடர்களில் வரும் சிரிப்பொலியை இப்போதெல்லாம் என்னால் சும்மா கேட்க முடிவதில்லை.

மூச்சிழுக்கும் முட்டு வருத்தத்தால் அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். வீட்டின் அமைதி தாங்காமல் போனில் ஒரு பழைய நகைச்சுவைத் தொடரைப் போட்டேன்.

மாமியாருக்குப் பயந்து மருமகன் அலுமாரிக்குள் ஒளிந்திருக்கிறான். அவர் அதைத் திறக்குமுன்பே, பார்வையாளர்களில் ஒருவர் மட்டும் முந்திக்கொண்டு சிரித்தார். கீச்சென்று தொடங்கி இருமலில் முடிகிற சிரிப்பு. அது அப்பாவின் சிரிப்பு.

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல் வந்தது. "மெல்லச் சிரியுங்கோப்பா, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

சொன்ன பிறகுதான் அவரே திடுக்கிட்டு வெளியே வந்தார். போனையே பார்த்தபடி நின்றார்.

"நீ பிறக்க முதல், இது எடுக்கேக்க நாங்களும் பாக்கப் போனனாங்கள், பிள்ளை. கொப்பா ஒத்திகையும் பாத்தவர். அதுதான் முந்திச் சிரிச்சவர்."

விளங்கியது. ஆனாலும் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஒவ்வொரு முறையும் அப்பா சிரித்தார், இருமினார்.

அம்மா என் கையைப் பிடித்தார்.

"போதும், நிப்பாட்டு. மனுசனுக்கு முட்டு இழுக்கப் போகுது."