கடைசி இரண்டு பேட்டரிகள்

செயலாளர் இருந்தார். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் இருந்தார். வண்டி ஓட்டும் அண்ணாத்தே இருந்தார். அவருக்குப் பின்னால், சுவரில் சாய்ந்தபடி நான் இருந்தேன். வேறு யாரும் இல்லை. ஷெட்டின் நடுவில் வண்டி. அதன் சீட்டைத் தூக்கி வைத்திருந்தார்கள். உள்ளே ஆறு பேட்டரிகள் வரிசையாகத் தெரிந்தன.

வானகரத்தில் பைபாஸை ஒட்டிய குடியிருப்பு அது. ஏழு பிளாக். கேட்டிலிருந்து கடைசி பிளாக்குக்கு நடந்தால் பத்து நிமிடம் ஆகும். முட்டி வலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள், அரிசி மூட்டையோடு வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பேட்டரி கார்தான். கோல்ஃப் மைதானத்தில் ஓடுகிற வகை வண்டி. எட்டுப் பேர் உட்காரலாம். அண்ணாத்தே மேனாம்பேட்டுக்காரர். இருபது வருடம் ஆட்டோ ஓட்டியவர். இடுப்பு போன பிறகு இந்த வேலைக்கு வந்தார். நான் அங்கே எலெக்ட்ரீஷியன். எட்டாவது வரை படித்தேன். மீதியைக் கையால் கற்றேன்.

முந்தின நாள் சாயங்காலம் பேஸ்மென்டிலிருந்து மேடு ஏறும்போது வண்டியின் லைட் அணைந்துவிட்டது. வளைவு தெரியவில்லை. முன்சக்கரம் பூச்செடிக் கட்டைமேல் ஏறி நின்றது. பின்சீட்டில் இரண்டு அம்மாக்கள். ஒருத்திக்கும் அடியில்லை. ஆனால் ஒரு அம்மாவின் மகன் பெரிய கம்பெனியில் இருக்கிறவர். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அவர் எழுதியது பத்து நிமிடத்தில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

டிரைவரை மாற்ற வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. செயலாளர் கோயம்புத்தூர்க்காரர், நியாயம் பார்க்கிறவர். ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மறுநாள் ஐந்து மணிக்கு எல்லோரையும் வரச் சொன்னார்.

நான் நாலரைக்கே வந்தேன். காரணம் இருந்தது. அந்த வண்டிக்குள் நான் போட்ட ஒரு சிவப்பு ஒயர் இருந்தது. ஐந்து மணிக்குள் அதை வெட்டி எடுத்துவிட நினைத்தேன். கட்டர் பாக்கெட்டில் இருந்தது. வந்து பார்த்தால் செயலாளர் எனக்கு முன்னாலேயே வந்து சீட்டைத் தூக்கி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

“நீங்களும் சீக்கிரம் வந்துட்டீங்களா” என்றார்.

“ஆமாம் சார்.”

கை கழுவப் போனேன். கையில் அழுக்கு இல்லை. திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். காலையிலிருந்தே கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. திருமுல்லைவாயில் வீட்டிலிருந்து பைக்கில் வரும்போது இரண்டு சிக்னலைக் கவனிக்காமல் தாண்டியிருந்தேன்.

ஐந்து மணிக்கு அண்ணாத்தே வந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

செயலாளர் லைட் சுவிட்சைத் தட்டினார். எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

“லைட்டு எரியுதுங்களே” என்றார்.

“நிக்க சொல்லோ எரியும் சார். மேடு ஏற சொல்லோ பூடும்.”

“அதெப்படிங்க? ஒண்ணு எரியணும், இல்லீன்னா எரியக் கூடாது.”

“அதான் சார் நானும் ஒரு மாசமா சொல்லிகினு கீறேன். கேக்க ஆள் இல்ல.”

அவர் சொன்னது என்னிடம்தான். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை.

செயலாளர் போனை எடுத்தார். கேமராவில் பதிவான படம் ஒன்றைக் காட்டினார். அண்ணாத்தே சீட்டைத் தூக்கி, குடிதண்ணீர் கேன் ஒன்றிலிருந்து பேட்டரிக்குள் ஊற்றுகிறார்.

“பேட்டரிக்கு டிஸ்டில் வாட்டர்தான் ஊத்தோணும். நீங்க கேன் தண்ணி ஊத்தியிருக்கீங்க. ஆறு பேட்டரியும் கெட்டுப் போச்சுன்னு கமிட்டி சொல்லுது. இதுக்கு என்ன சொல்றீங்க?”

“சார், கேன்தான் தண்ணி கேன். உள்ள கீறது பேட்டரி தண்ணிதான். கடைக்காரன் சின்னச் சின்ன பாட்டில்ல குடுப்பான். நாலு பாட்டில ஒண்ணா ஊத்தி வெச்சா கைக்கு சுளுவு. இன்னா சார், இருவது வருசம் ஆட்டோ ஓட்டுனவன் பேட்டரிக்குக் குடிக்கிற தண்ணிய ஊத்துவானா? சாராயம்னு நெனச்சிகினு ஊத்துனேன்னு சொல்லு, ஒத்துக்குறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் மட்டும் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். தொழிற்சாலையில் அவர் பேட்டரி பிரிவில் இருந்தவர். அதனால்தான் செயலாளர் அவரைக் கூப்பிட்டிருந்தார். பெரியவர் அதுவரை பேட்டரி முனைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முனையெல்லாம் சுத்தமா இருக்கே. யார் செய்யறது?”

“நான்தான் சார்” என்றார் அண்ணாத்தே. “வாரம் ஒருக்கா ஆப்பசோடா தண்ணி ஊத்திக் கழுவிட்டு கிரீஸ் தடவுவேன்.”

பெரியவர் தலையசைத்தார். பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். மேலே ரப்பர் குமிழ், உள்ளே மிதவை. பேட்டரி ஆசிட்டை உறிஞ்சினால் மிதவை நிற்கிற இடம் சொல்லிவிடும். பச்சையில் நின்றால் நல்லது, வெள்ளையில் நின்றால் சுமார், சிவப்பில் நின்றால் செத்தது மாதிரி.

முதல் பேட்டரியின் நான்கு மூடிகளையும் திறந்தார். உறிஞ்சினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பச்சை. இரண்டாவது பச்சை. மூன்றாவது. நான்காவது.

எனக்கு ஐந்தாவதும் ஆறாவதும் தெரியும். பார்க்காமலே தெரியும்.

அந்த ஒயர் வந்த கதை இதுதான். வண்டியின் ஆறு பேட்டரியும் சேர்ந்து நாற்பத்தெட்டு வோல்ட். லைட்டுக்கு அவ்வளவு வேண்டாம். குறைத்துக் கொடுக்க ஒரு சின்னக் கன்வெர்ட்டர் இருக்கும். போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் அது செத்துவிட்டது. பூஜையன்று வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். குங்குமம் வைக்கிற நேரத்தில் லைட் எரியாத வண்டிக்கு யாரும் சூடம் காட்ட மாட்டார்கள். அது அபசகுனம். ஐயர் தட்டோடு நிற்கிறார். கடைசி இரண்டு பேட்டரியிலிருந்து மட்டும் ஒரு ஒயரை இழுத்து லைட்டுக்குக் கொடுத்தேன். பதினாறு வோல்ட். எல்.இ.டி. லைட், தாங்கியது. எரிந்தது. கைதட்டினார்கள். சீரியல் பல்பையும் அதிலேயே கொடுத்தேன்.

ஒருநாளைக்கு என்றுதான் போட்டேன். கன்வெர்ட்டர் வாங்கி மாட்ட வேண்டும் என்று நினைத்தேன். பிறகு நினைக்கவில்லை. ஆறு மாதம் ஓடிவிட்டது.

மொத்த ஆறும் ஒரே சார்ஜரில்தான் ஏறும். லைட் தின்றது கடைசி இரண்டை மட்டும். அந்த இரண்டும் நிறையாமலே கிடந்தன. மற்ற நாலும் அளவுக்கு மேல் கொதித்துத் தண்ணீரைக் குடித்தன. “மாமே, நாலு பேட்டரி ரொம்ப தண்ணி குடிக்குது” என்று அண்ணாத்தே என்னிடம் இரண்டு முறை சொன்னார். “வெயில் காலம் அண்ணாத்தே” என்றேன்.

மேடு ஏறும்போது மோட்டார் இழுக்கிற இழுப்பில் அந்த இரண்டும் விழுந்துவிடும். லைட் அணையும். சமதரைக்கு வந்ததும் எழுந்துகொள்ளும். பேய் வேலை மாதிரி இருக்கும். பேய் நான்தான்.

பெரியவர் ஐந்தாவதில் உறிஞ்சினார். மிதவை ஏறவே இல்லை. ஆறாவதும் அப்படியே.

“டிரைவர், ஆறுக்கும் ஒரே கேன்லேர்ந்துதானே தண்ணி ஊத்தினீங்க?”

“ஆமா சார்.”

“அப்ப தண்ணில கோளாறு இருந்தா ஆறும் போயிருக்கணும். ரெண்டு மட்டும் ஏன் போச்சு?” செயலாளரைப் பார்த்தார். “தண்ணி இல்ல சார். வேற ஏதோ.”

குனிந்தார். விரலை உள்ளே விட்டார். “இந்த செவப்பு ஒயர் எங்க போகுது?”

பைபாஸில் லாரிகள் போவது கேட்டது.

அண்ணாத்தே முந்திக்கொண்டார். “அது லைட்டுக்குப் போற ஒயர் சார். அது எப்பவும் கீறதுதான்.”

பூஜையன்று நான் குனிந்து ஒயரை முறுக்கியபோது டார்ச் பிடித்தவர் அவர். அவருக்குத் தெரியும். தெரிந்தே சொன்னார். அவர் வேலை போகிற நேரத்தில் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றார். நான் காட்டிக்கொடுக்கிற ஆளாக இருந்தால்கூட அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. நான் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள்.

சுவரை விட்டு நகர்ந்தேன்.

“அது நான் போட்டது சார். ஆயுத பூஜைக்குப் போட்டேன். எடுக்கல. பேட்டரி போனது அதனாலதான். அவர் மேல தப்பு இல்ல.”

செயலாளர் என்னைப் பார்த்தார்.

“அவரு ஒரு மாசமா சொன்னாரே?”

“சொன்னார் சார்.”

“உங்களுக்குத் தெரியுமா, அதனாலதான்னு?”

“தெரியும் சார்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். போனைப் பாக்கெட்டில் வைத்தார். அண்ணாத்தேவிடம், “நீங்க வேலையில இருங்க. கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேனுங்க” என்றார். பிறகு என்னிடம், “இந்த மாதிரி வேற எங்கெங்க போட்டு வெச்சிருக்கீங்க? இந்த வாரத்துக்குள்ள லிஸ்ட் குடுங்க. ஒண்ணு விடாம” என்றார்.

பெரியவர் ஒயரை என் பக்கமாக விட்டுவிட்டு எழுந்தார். முழங்கையைத் துடைத்தார்.

அன்றே கட்டரை எடுத்து ஒயரை வெட்டினேன். மறுநாள் புதுக் கன்வெர்ட்டர் மாட்டினேன். கடைசி இரண்டையும் கழற்றித் தனியாக, மெதுவாக, இரண்டு நாள் சார்ஜில் போட்டேன். பகல் முழுக்க மூடியைத் திறந்து குமிழியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது பச்சைக்கு வந்தது. ஆறாவது வெள்ளைக்கு வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை. மழைக்காலம் வரை தாங்கும் என்று நினைத்தேன். செயலாளரிடம் அப்படியே எழுதியும் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணாத்தே வண்டியை மேட்டில் ஏற்றினார். பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னார். லைட் அசையவில்லை. வளைவு, செடிக் கட்டை, மேலே பிள்ளையார் மாடம் எல்லாம் தெரிந்தன. இறங்கியதும் பீடி பற்றவைத்தார்.

“மாமே, அன்னிக்கு நீ என் வேலைய காப்பாத்துனியா, உன் வேலைய காப்பாத்துனியா?”

“தெரியல அண்ணாத்தே.”

“எனுக்கும் தெரியல. ஆனா ஒரு மாசம் என்னிய பைத்தியக்காரன் மாரி வெச்சிருந்த பாரு, அத்த மறக்க மாட்டேன்.”

சொன்னபடி மறக்கவில்லை. டீ வாங்கிக் கொடுப்பார். அந்த ஒரு மாதத்தைப் பற்றியும் பேசுவார்.

லிஸ்ட்டுக்காக இரண்டு நாள் நடந்தேன். பம்ப் ரூம். ஜிம். கேட் தடுப்புக் கம்பி. மாடிப்படி லைட்டுகள். பிள்ளையார் மாடம். லிப்ட் அறை. ஒவ்வொன்றும் ஒருநாளைக்கு என்று போட்டது. ஒவ்வொன்றும் யாரோ அவசரத்தில் நின்றபோது போட்டது. மறந்துவிட்டேன் என்று நினைத்தவை எல்லாம் கை வைத்ததும் ஞாபகம் வந்தன. டேப் சுற்றுகிற விதம் என்னுடையது. இடமிருந்து வலம், மூன்று சுற்று.

நோட்டில் எழுதி, எண்ணி, செயலாளரிடம் கொடுத்தேன்.

பதினான்கு.